கேப்டனை விட்டுவிட்டுக் கப்பலைப் பிடியுங்கள்: கம்பெனி காலத்துக் கப்பல் தலைவர்களின் வம்சம் தேடுவோர் பகிர்ந்தவை

கம்பெனி காலத்தில் மதராஸ் வந்துபோன வணிகக் கப்பல் கேப்டன் ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆள் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். ஜான், தாமஸ், வில்லியம் என்று ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். கப்பலின் பெயரும் அது மதராஸுக்கு வந்த ஆண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் லாக் புத்தகங்கள், அதாவது பயணத்தின் அன்றாடக் குறிப்பேடுகள், லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் இருக்கின்றன. 1702 முதல் 1834 வரையிலானவற்றுக்கு ‘எல்/மார்/பி’ என்று வரிசை எண்.

லாக் பக்கத்தின் இடது ஓரத்தில் மணி, வேகம், போகும் திசை, காற்று என்று கட்டங்கள் இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு வலப்பக்கத்துக் குறிப்புகளைப் படியுங்கள். யார் ஏறினார், யார் இறந்தார், எந்த அதிகாரி படுக்கையில் கிடந்தார் என்பதெல்லாம் அங்கேதான் வரும்.

ஒரு பொறி: கடலில் நாள் நண்பகலில் பிறக்கும். லாக்கில் ‘10-ம் தேதி பிற்பகல்’ என்றால் கரைக் கணக்குப்படி 9-ம் தேதி பிற்பகல். துறைமுகத்தில் நிற்கும்போது சாதாரண நாள்கணக்குக்கு மாறிவிடுவார்கள். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805-ல் கைவிட்டது. வணிகக் கப்பல்களில் அது இன்னும் சில காலம் நீடித்தது. லாக்குக்கும், பிறப்பு இறப்புகளைக் குறித்துவைத்த குடும்பப் பைபிளுக்கும் ஒரு நாள் இடித்தால் உடனே இரண்டு வேறு ஆட்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆண்டிலும் ஒரு பொறி உண்டு: 1752-க்கு முன்னால் ஆங்கில ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1741.

*

கப்பலைப் பிடிப்பது சரிதான், ஆனால் கப்பலும் ஏமாற்றும். ‘ஏர்ல் ஆஃப் அபெர்கவன்னி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கப்பல்கள். இரண்டாவது கப்பலுக்கு முதலில் ஒரு ஜான் வேர்ட்ஸ்வொர்த் தலைவர். 1801-ல் அவர் இடத்துக்கு வந்தவரும் ஜான் வேர்ட்ஸ்வொர்த், அவருடைய உறவினர், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி. 1805 பிப்ரவரி 5-ல் இங்கிலாந்தின் வெமத் அருகே கப்பலோடு மூழ்கியவர் இந்தத் தம்பிதான். கப்பல் பெயரும் தலைவர் பெயரும் ஒன்றாக இருந்தும் ஆள் வேறு. பயண ஆண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பெரியவரின் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சின்னவரின் தலையில் கட்டிவிடுவோம்.

டன் கணக்கை வைத்துக் கப்பலை அடையாளம் காண்பதும் ஆபத்து. 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் பாதிரியார் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்தக் காலத்தில் காகிதத்தில் 499 டன் கப்பல்கள் அதிசயமாகப் பெருகின!

*

‘சம்பளம் மாதம் 10 பவுண்டுதானே, இவ்வளவு சொத்து எங்கிருந்து வந்தது’ என்று உயிலைப் பார்த்து எல்லோரும் குழம்புகிறார்கள். வருமானம் சம்பளத்தில் இல்லை. தலைவருக்கும் அவருக்கு அடுத்த அதிகாரிகளான மேட்களுக்கும் கப்பலில் சொந்தச் சரக்கு ஏற்றக் கம்பெனி இடம் ஒதுக்கியது. அதற்கான மூலதனத்தைக் குடும்பத்திலிருந்தே திரட்டுவார்கள். மேலே சொன்ன தம்பி வேர்ட்ஸ்வொர்த்தின் கடைசிப் பயணத்திலும் உடன்பிறந்தவர்களின் பணம் இருந்தது. ஆகவே உயிலில் கடன் கொடுத்தவர்களாக வரும் பெயர்களை வட்டிக்காரர்கள் என்று ஒதுக்காதீர்கள். அக்கா, மாமா, மைத்துனர் எல்லாம் அந்தப் பட்டியலில் ஒளிந்திருப்பார்கள்.

உயில் தேட இரண்டு இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் சொத்து இருந்தால் கேன்டர்பரி நீதிமன்றப் பதிவுகள். அவை 1858 ஜனவரியோடு முடிகின்றன. சொத்து இந்தியாவில் என்றால் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் கணக்கு அதிகாரியின் வரிசை. ஆள் இறந்த செய்தி கப்பலேறிப் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இறந்த ஆண்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளையும் புரட்டுங்கள்.

*

மதராஸ் பக்கம் தேடுகிறவர்களுக்கு. கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-ல் அபிஷேகம் ஆனது. திருமணம், ஞானஸ்நானம், அடக்கப் பதிவுகள் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. லண்டனுக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் 1698 முதல் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் ‘என்/2’ வரிசையில் இருக்கின்றன. பிரதி எடுத்த குமாஸ்தா குடும்பப் பெயரின் எழுத்துகளைப் புரட்டிப் போட்டிருப்பார். முடிந்தால் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

தேவாலயத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டிருக்கும் பெயர்க்கற்களுக்கு அடியில் அந்த ஆட்கள் இல்லை. பழைய இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758–59 பிரெஞ்சு முற்றுகையின்போது அங்கிருந்த கல்லறைகள் எதிரிக்கு மறைப்பாகிவிட்டன. பிற்பாடு அவற்றை இடித்துக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். கல்லில் ‘கேப்டன்’ என்றிருந்தால் அவர் ராணுவக் கேப்டனா, கப்பல் கேப்டனா என்பதையும் பாருங்கள். கம்பெனிக் காகிதங்களில் கப்பல் தலைவர் ‘கமாண்டர்’ என்றே வருவார்.

*

சின்னக் குறிப்பு ஒன்று. மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்கள் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வருவார்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும். ‘நவம்பர் 20-ல் மதராஸில் இறங்கினார்’ என்று குடும்பக் குறிப்பு சொன்னால் அந்தத் தேதியை இன்னொரு தரம் சோதியுங்கள்.

*

கம்பெனிக் கப்பலில் இல்லாமல் ஆசியத் துறைமுகங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்த கேப்டன்களின் குடும்பம் தேவாலயப் பதிவில் சிக்குவது அரிது. பிரான்சிஸ் லைட் நல்ல உதாரணம். 1786-ல் பினாங்கை நிறுவுவதற்கு முன் மதராஸ் வணிக நிறுவனம் ஒன்றுக்காகக் கப்பல் ஓட்டியவர். அவரும் மார்ட்டினா ரோசெல்ஸும் 1772 முதல் சேர்ந்து வாழ்ந்ததை நமக்குச் சொல்வது அவருடைய உயில்தான். அடிலெய்ட் நகரத்தைத் திட்டமிட்ட வில்லியம் லைட் அவர்களுடைய மகன். இங்கே பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாய் பெயர் விடுபட்டிருப்பது சர்வசாதாரணம். உயிலில் ‘இயற்கைப் பிள்ளை’ என்ற சொல்லைப் பார்த்தால் திருமணம் ஆகாத உறவில் பிறந்த பிள்ளை என்று பொருள்.

நம் மரைக்காயர் நாகுதாக்களை, அதாவது கப்பல் தலைவர்களை, தேடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். மரைக்காயர் என்பது ஆங்கிலக் காகிதத்தில் மரிக்கார், மார்கார், மெரிக்கன் என்று சிதறும். ‘நாகுதா’ என்ற பட்டமே முதற்பெயராக நினைக்கப்பட்டு அட்டவணையில் ‘ந’ வரிசைக்குப் போய்விடும். பினாங்கில் ‘கபித்தான் கிளிங்’ என்றால் கப்பல் தலைவர் அல்ல, அங்கிருந்த இந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவர். அந்தப் பட்டத்தைப் பார்த்துக் கப்பலைத் தேடக் கிளம்பியவர்கள் உண்டு.

*

1850-க்குப் பிறகு வந்தவர் என்றால் வழி சுலபம். அந்த ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பயணக் கப்பல் தலைவருக்கும் மேட்டுக்கும் சான்றிதழ் கட்டாயம். தேர்வு எழுதியவருக்குத் திறன் சான்று, ஏற்கெனவே பணியில் இருந்தவருக்குச் சேவைச் சான்று. இரண்டிலும் பிறந்த ஆண்டும் ஊரும் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார்கள். ஊர் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மாலுமிப் பட்டியலுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள். 1860-களுக்குப் பிந்தையவற்றில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் கிடக்கிறது. 1865, 1875 என்று 5-ல் முடியும் ஆண்டுகள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். கடிதம் போடும்போது கப்பலின் பெயரோடு அதன் அதிகாரப்பூர்வப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். பட்டியல்களை அந்த எண்படிதான் அடுக்கியிருக்கிறார்கள்.