டேவிட் சூஷேயை மேடையில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:
2010ஆம் ஆண்டு, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவின் அப்போலோ அரங்கு, ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’. தொலைக்காட்சியில் சூஷே நடித்த, அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவை இங்கே அறியாதவர் இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். புயலில் மரம் முறியும் தொடக்கக் காட்சிக்குப் பிறகு, மறுநாள் காலை வெளிச்சத்தில் ஜோ கெல்லராக அவர் வாய் திறந்தபோது, இந்தக் குரல் யாருடையது என்று மேடையெங்கும் தேடினேன். அவ்வளவு கனத்த, நெஞ்சிலிருந்து எழுந்த அமெரிக்கக் குரல் அது. விரிசல் விட்ட விமான எஞ்சின் பாகங்களைப் போருக்கு அனுப்பி, 21 விமானிகளின் சாவுக்குக் காரணமாகி, பழியைக் கூட்டாளியின் தலையில் கட்டிவிட்டு ஊரார் மதிக்க வாழும் தொழிலதிபர் கெல்லர். இறுதியில், போரில் காணாமற்போன மகனின் கடிதம் வாசிக்கப்படுகிறது. இறந்த எல்லோருமே தன் பிள்ளைகள்தாம் என்ற அந்த வரியை அவர் குடும்பத்தாரைப் பார்த்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக நேராகாத கணக்கு, நேராகக் கூடாத வேளையில் நேராகிவிட்டதைக் கண்டவரைப் போலத் தனக்கே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பிறகு துப்பாக்கி வெடித்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, அல்லது மனைவியையும் இன்னொரு மகனையும் அந்தச் சுமையோடு விட்டுவிட்டுத் தப்பித்துப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

நாடகப்பித்தன்:
நண்பர் எழுதியதில் ஒரு சிறு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மேடைக்குரல் ஒன்று, தொலைக்காட்சிக்குரல் வேறொன்று என்று பிரித்துவிட்டால், பொய்ரோ ஏதோ எளிதாக வந்த வேடம் என்றாகிவிடும். தம்முடைய கனத்த நெஞ்சுக்குரலைத் தலைக்குள் ஏற்றி, புட்டங்களுக்கிடையே ஒரு நாணயத்தை இறுக்கிக்கொண்டு நடந்து பழகி, அகதா கிறிஸ்டியின் கதைகளை வாசித்துப் பொய்ரோவின் பழக்கவழக்கங்களை 93 குறிப்புகளாக எழுதிவைத்துக்கொண்டு அவர் அந்த மனிதரை உருவாக்கினார். 1973இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்து பெற்ற பயிற்சி இல்லாமல், 1989இல் தொடங்கிய அந்தத் தொடர் 13 பருவங்கள், 70 படங்கள் என்று நீண்டிருக்காது என்பதே என் எண்ணம்.

நான் கண்டது வீடியோ நாடா ஒன்றில். இயக்குநர் ஜான் பார்ட்டன் நடிகர்களை உட்காரவைத்து ஷேக்ஸ்பியரை விளக்கும் ‘பிளேயிங் ஷேக்ஸ்பியர்’ தொடரில், பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் சூஷேயும் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் வட்டிக்காரர் ஷைலாக்கின் வசனங்களை மாறிமாறி நடித்துக்காட்டுகிறார்கள். இருவருமே அந்தப் பாத்திரத்தைப் பார்ட்டனிடம் செய்தவர்கள். முன்னவர் 1978இல், பின்னவர் 1981இல். ஸ்டூவர்ட்டுக்கு ஷைலாக் முதலில் பணத்தை உயிராக மதிக்கும் மனிதர். யூத வம்சாவளியில் வந்த தந்தைக்குப் பிறந்த சூஷேயோ, ஷைலாக் யூதர் என்பதையும், சுற்றியுள்ளவர்கள் அவரை அன்னியராகவே பார்க்கிறார்கள் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றக் காட்சியில் அவரைப் பெயரால் விளிப்பதைவிட ‘யூதன்’ என்று விளிப்பதே மிகுதி என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சக நடிகரின் வாதத்தைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த சூஷேயின் முகம் என்னை விட்டு அகலவில்லை.

ஹாரோ வாசகி:
2013 நவம்பரில், பொய்ரோ இறந்துபோகும் கடைசிப் படமான ‘கர்ட்டன்’ ஒளிபரப்பானபோது வீட்டில் தனியாகப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் ஒட்டிய கன்னங்களோடு பொய்ரோ. இதய மருந்துக் குப்பிகளைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தாமே நகர்த்திவைக்கும் அந்தக் கை. என் அனுபவம் அவ்வளவே.

ஈஸ்ட்ஹாம் நண்பருக்குச் சில யோசனைகள் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் பார்த்த அதே தயாரிப்பை டிஜிட்டல் தியேட்டர் நிறுவனம் ஒளிப்பதிவு செய்திருக்கிறது; கடைசிக் காட்சியை மறுபடியும் பார்த்தால் உங்கள் ஐயம் தீர வழியுண்டு. பார்ப்பதற்கு முன் நாடகப் பிரதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். மில்லரின் மேடைக்குறிப்புகள் எவற்றை நடிகரிடமே விட்டுவிடுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். இனி நாடகத்துக்குப் போகிறவர்கள், அப்போலோவின் மேல் தளங்கள் மிகவும் செங்குத்தானவை என்பதை நினைவில் வைத்து, முடிந்தால் கீழ்த்தளத்தில் இருக்கை எடுக்க வேண்டும். மாலைக் காட்சிக்குக் கட்டணம் கூடுதலாகத் தோன்றினால் வார நாள் மதியக் காட்சியை விசாரிக்கலாம். பொய்ரோவைத் தொடக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் ‘கர்ட்டனை’ எக்காரணம் கொண்டும் முன்னதாகப் பார்த்துவிடாதீர்கள். கடைசிப் பருவத்தில் அதைத்தான் முதலில் படமாக்கினார்கள் என்பதும், உடல் மெலிந்து மரணக் காட்சியை நடித்து முடித்தபின் அவர் மீண்டும் பஞ்சுத் திணிப்பு அணிந்து நலமான பொய்ரோவாக நின்றார் என்பதும் தெரிந்தால், அதன்பின் கிறிஸ்டியின் கிரீன்வே இல்லத்தில் எடுத்த ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ படத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

வாடேவில்ரசிகை:
பிரதியை முன்கூட்டியே வாசிக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015இல் வாடேவில் அரங்கில் ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நகைச்சுவை நாடகத்தில் அவர் லேடி பிராக்னெலாக வந்தபோது, அரங்கில் பாதிப் பேர் வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ‘ஒரு கைப்பையா?’ என்று அவர் அதிர்ந்து கேட்கும் அந்தப் புகழ்பெற்ற வரிக்காகவே காத்திருந்தார்கள். அதனால் அதற்கு முன்னால் நடந்ததைப் பலர் கவனிக்கவேயில்லை. மகளை மணக்க விரும்பும் இளைஞரை விசாரிக்கக் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுக்கும் இடத்தில், பெண் வேடத்தைக் கேலிப்பொருளாக்கும் அசைவு எதுவும் அவரிடம் தென்படவில்லை. மகளின் எதிர்காலத்தை எண்ணி உண்மையாகவே கவலைப்படும் ஒரு தாயைத்தான் நான் பார்த்தேன். அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் கவலைதான் கண்ணில் பட்டது.

ஈஸ்ட்ஹாம்வாசி:
வாசகிக்கு நன்றி. அந்தப் பதிவைப் பார்த்தேன். கேமரா முகத்தின் அருகில் போய்விடுவதால், அரங்கில் நான் கண்ட முழு உருவமும், கணவரின் குற்றத்தை அறிந்தே மறைத்துவந்த மனைவியாக ஸோயி வனமேக்கர் நின்ற தொலைவும் ஒரே பார்வைக்குள் அகப்படவில்லை. நாடகப்பித்தன் சொன்ன கருத்தை, குரல் விஷயத்தில் மட்டும், ஏற்றுக்கொள்கிறேன். 1985இல் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில், பென் கிங்ஸ்லியின் ஒத்தெல்லோவுக்கு எதிரே, அவரை வஞ்சித்து அழிக்கும் இயாகோவாக சூஷே நடித்ததை நேரில் பார்த்தவர் எவரேனும் இருந்தால், முழுவதையும் எழுத வேண்டாம். கடைசியில், இனிப் பேசமாட்டேன் என்று சொன்னபின் மேடையில் அவர் எப்படி இருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.