வட்டி இறங்கிவிட்டது: முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

அவசரக்காரன் (4 நவம்பர் 2025, இரவு 11.40)
எல்லோருக்கும் வணக்கம். எஃப்.எச்.எஸ்.ஏ. எனப்படும் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கை 2023இலேயே திறந்து வைத்திருக்கிறேன். சென்ற புதன்கிழமை கனடா மத்திய வங்கி தன் வட்டியை 2.25 வீதத்துக்கு இறக்கியதும், என் வங்கி தருகிற வட்டி 1.5 வீதமாகிவிட்டது. இணைய வங்கி ஒன்று 3 வீதம் என்று விளம்பரம் செய்கிறது. நாளை வேலைக்குப் போகும் வழியில் காசை எடுத்து அங்கே போட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

மார்க்கம்வாசி (இரவு 11.58)
விபரம் போதாது, தம்பி. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அது சாதாரணச் சேமிப்பாகக் கிடக்கிறதா அல்லது ஜி.ஐ.சி. என்கிற தவணை வைப்பில் இருக்கிறதா, இந்த வருடத்துக்கான வரம்பான 8,000 டொலரைப் போட்டு முடித்துவிட்டீர்களா, வீடு எப்போது வாங்க எண்ணுகிறீர்கள் என்பவற்றைச் சொன்னால்தான் ஏதாவது சொல்லலாம்.

பனங்கிழங்கு (5 நவம்பர், காலை 6.15)
இதற்கு ஏன் இத்தனை கேள்வி? டி.எஃப்.எஸ்.ஏ. என்கிற என் வரியில்லாச் சேமிப்புக் கணக்கை நான் மூன்று தடவை இப்படித்தான் மாற்றினேன். டிசம்பர் கடைசியில் காசை எடுத்து, ஜனவரி பிறந்ததும் புதிய வங்கியில் போட்டேன். ஒரு சதம் வரி கட்டவில்லை, ஒரு படிவமும் நிரப்பவில்லை. இதுவும் அந்த வகைக் கணக்குத்தானே.

கணக்குப்பிள்ளை (காலை 8.02)
இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்களுக்கு எத்தனை தடவை பதில் எழுதினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்; இருந்தாலும் ஒருவர் காலையிலேயே வங்கி வாசலில் நிற்கக்கூடும் என்பதால் மறுபடியும் எழுதுகிறேன். டி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுத்த தொகையை மறுபடி போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரியில் திரும்பக் கிடைக்கும், எஃப்.எச்.எஸ்.ஏ.யில் கிடைக்கவே கிடைக்காது. வீடு வாங்காமல் எடுக்கும் காசு முழுவதும் அந்த வருட வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுவதோடு, வங்கியே முன்கூட்டி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தரும். மூன்று வருடமும் 8,000 வீதம் 24,000 போட்டவர் அதை எடுத்து இந்த மாதமே புதிய கணக்கில் போட்டால், அந்த 24,000 முழுவதும் வரம்பை மீறிய மேலதிகத் தொகையாகிவிடும். அதற்கு மாதம் 1 வீதம், அதாவது 240 டொலர், தனியாக வரி கட்ட வேண்டும். ஒன்றரை வீத வட்டியைத் துரத்திப் போய் இதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

ஸ்காபரோ அக்கா (காலை 9.30)
கணக்குப்பிள்ளையின் குரல் எப்போதும் இப்படித்தான், ஆனால் சொன்னது சரி. தம்பி, காசு உங்கள் கைக்கு வரவே கூடாது. புதிய வங்கியில் எஃப்.எச்.எஸ்.ஏ. ஒன்றைத் திறந்து, ஆர்.சி.720 என்ற படிவத்தில் கையெழுத்து வைத்தால், பழைய வங்கியிடமிருந்து அவர்களே நேரடியாக எடுத்துக்கொள்வார்கள், வரி ஒன்றும் வராது. போன வருடம் நான் மாற்றியபோது பழைய கணக்கு எண்ணின் நடுவில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேன். படிவம் திரும்பி வந்து, மறுபடியும் போய், காசு வந்து சேர ஐந்து வாரமானது, அந்த ஐந்து வாரத்துக்கும் இரண்டு பக்கமும் வட்டி தரவில்லை. பழைய வங்கி மாற்றுக் கட்டணமாக 75 டொலர் எடுத்தது. புதிய வங்கி அதைத் திருப்பித் தந்தது உண்மைதான், ஆனால் நான் பழைய வங்கியின் கணக்குக் கூற்றை அனுப்பிக் கேட்ட பிறகுதான் தந்தது.

சுழிபுரத்தான் (காலை 10.10)
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஊரில் அப்பா என் பெயரில் எழுதிய வீடு ஒன்று இருக்கிறது. அதனால் நான் இந்தக் கணக்கைத் திறக்கவே முடியாது என்று மச்சான் அடித்துச் சொல்கிறான்.

பனங்கிழங்கு (காலை 10.25)
கனடாவுக்கு வெளியே இருக்கிற வீட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? அது கணக்கில் வராது.

கணக்குப்பிள்ளை (காலை 10.41)
வரும். வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்பது கேள்வியே அல்ல; கணக்குத் திறக்கும் வருடத்திலோ அதற்கு முந்தைய நான்கு வருடங்களிலோ, உங்களுக்குச் சொந்தமான வீட்டை முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு அதில் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. துணைவருடைய வீட்டில் இருந்தாலும் கணக்குத் திறக்க முடியாது. சுழிபுரத்தில் வீடு பூட்டிக் கிடக்க, நீங்கள் பத்து வருடமாக இங்கே வாடகைக்கு இருப்பவர் என்றால் தாராளமாகத் திறக்கலாம். போன வருடம்தான் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர் என்றால் முடியாது. உங்கள் மச்சானுக்கும் பாதிதான் தெரியும், பனங்கிழங்குக்கு அதுவும் தெரியாது.

பனங்கிழங்கு (காலை 10.50)
தெரிந்ததைத் தன்மையாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள், அண்ணா?

அவசரக்காரன் (மாலை 7.20)
எல்லோருக்கும் நன்றி. வேலைக்கு நேரமாகிவிட்டதால் இன்று வங்கிக்குப் போகவில்லை, அதுவே நல்லதாய்ப் போயிற்று. மொத்தம் 24,000 போட்டிருக்கிறேன். இப்போது திறந்து பார்த்தால் 16,000 டொலர் ஜி.ஐ.சி.யில் இருக்கிறது, 2024 ஜனவரியில் இரண்டு வருடத்துக்கு 4.9 வீதத்தில் போட்டதை மறந்தே போனேன். இந்த வருடம் போட்ட 8,000 மட்டும்தான் 1.5இல் கிடக்கிறது. வசந்த காலத்தில் வீடு பார்க்கத் தொடங்குவோம்.

மார்க்கம்வாசி (மாலை 7.45)
நேற்றே கேட்டது இதைத்தான். 4.9 வீதத்தில் இருப்பதைத் தொடாதீர்கள். முதிரும் முன் பெரும்பாலும் உடைக்கவும் விடமாட்டார்கள். மிச்சம் 8,000க்கு ஒன்றரை வீத வித்தியாசம் வருடத்துக்கு 120 டொலர், ஏப்ரல் வரை கணக்குப் பார்த்தால் ஐம்பது. 75 டொலர் கட்டணம் கேட்டால் அதுவும் போய்விடும். அந்த 3 வீத விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இப்படியான வட்டிகள் பலவும் முதல் சில மாதங்களுக்கு மட்டுமே. நான் என்றால் புதிய வங்கியில் இப்போது வெறும் கணக்கை மட்டும் திறந்து வைத்து, ஜனவரி 1 பிறந்ததும் 2026க்கான 8,000ஐ நேரே அங்கே போடுவேன். இரண்டு வங்கியில் வைத்திருக்கத் தடையில்லை, வருட வரம்புதான் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. இந்தக் கணக்கை வைத்திருக்கக்கூடிய 15 வருடக் கெடுவும் நீங்கள் 2023இல் முதல் கணக்கைத் திறந்த நாளிலிருந்தே ஓடும்.

ஸ்காபரோ அக்கா (இரவு 8.05)
ஜனவரியில் அந்த ஜி.ஐ.சி. முதிரும்போது வங்கி தானாகவே இன்னொரு வருடத்துக்கு, இன்றைய குறைந்த வட்டியில், புதுப்பித்துவிடலாம். அப்படி நடந்தால் வசந்த காலத்தில் வீடு கிடைத்தும் காசு பூட்டுக்குள் இருக்கும். புதுப்பிக்க வேண்டாம் என்று டிசம்பரிலேயே எழுத்தில் சொல்லி வையுங்கள்.

அவசரக்காரன் (18 நவம்பர், இரவு 11.15)
புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிய கணக்கும் திறந்தாயிற்று. 3 வீதம் மூன்று மாதத்துக்குத்தானாம்.