1970களின் இத்தாலிய போலீஸ் படங்கள்: கோளாறு படத்திலா, டிஸ்க்கிலா?

பொலிட்ஸியோட்டெஸ்கி, அதாவது 1970களின் இத்தாலிய போலீஸ் படங்கள் என்று பேச்சு எடுத்தாலே "பிரிண்ட் சரியில்லை" என்ற புகார்தான் முதலில் வருகிறது. பாதி நேரம் அது வீண்பழி. காசில்லாமல் படப்பிடிப்பிலேயே விழுந்த குறை ஒரு வகை. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேய்ந்தது இன்னொரு வகை. சென்சார் கத்தரி, டிஸ்க் போட்டவரின் சொதப்பல் என்று இன்னும் இரண்டு. நாலையும் பிரிக்கத் தெரிந்தால்தான் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று சொல்ல முடியும். அவரவர் கவனித்ததைப் போடுங்கள்.

முதலில் ஓட்ட நேரம். பழைய ஐரோப்பிய டிவிடி எல்லாம் பால் (PAL) என்ற டிவி முறை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25இல் ஓட்டும். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும், குரல்களும் லேசாகக் கீச்சென்று ஏறும். அட்டையில் 86 என்று பார்த்ததும் "நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள்" என்று பதற வேண்டாம். நிமிடத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துவிட்டு, அதன் பிறகு ஒப்பிடுங்கள்.

அடுத்தது தாவல். 35 மி.மீ. பிரிண்டில் 600 மீட்டர் ரீல் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். ஆபரேட்டர் கைபட்டுக் கிழிந்து ஒட்டப்படுவது ரீலின் தலையும் வாலும்தான். வலது மேல் மூலையில் வட்டப் புள்ளி மின்னும் இடத்தை ஒட்டி வசனம் அறுந்தால் அது தேய்மானம். துப்பாக்கி உயர்கிறது, அடுத்த ஃபிரேமில் ஆள் தரையில் கிடக்கிறான், இசையும் அதே இடத்தில் துள்ளுகிறது என்றால் கத்தரி. எடிட்டிங் முடிந்த பிறகே இசையைச் சேர்த்துக் கலக்கிறார்கள். அதனால் பிற்பாடு யார் வெட்டினாலும் படமும் ஒலியும் சேர்ந்தே அறும். இசை வழுக்கிக்கொண்டு போக, காட்சி மட்டும் தாவினால் எடிட்டரே வெட்டியது. இடையில் வர வேண்டிய ஷாட்டை எடுக்காமலே விட்டிருக்கலாம்.

---

இசைச் சோதனை சரி. ஒரு விதிவிலக்கு உண்டு. இத்தாலிய பிரிண்டில் நடுவே "ஃபீனே ப்ரீமோ தெம்போ" என்று இடைவேளை அட்டை வரும். வெளிநாட்டுப் பதிப்பில் அதைப் பிடுங்கும்போது முன்பின் சில நொடிகளும் சேர்ந்து போயிருக்கும். படத்தின் நடுவாக்கில், அடிதடி எதுவுமே இல்லாத இடத்தில் இசை அறுந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள்.

படத்தின் புள்ளிக்கூட்டம், அதாவது கிரெயின் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. அக்கால இத்தாலிய மலிவுப் படங்கள் பலவும் டெக்னிஸ்கோப்பில் எடுக்கப்பட்டவை. ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் ஃபிரேமுக்கு நாலுக்குப் பதில் இரண்டே துளை. 300 மீட்டர் நெகட்டிவ் 11 நிமிடத்துக்கு வருவதற்குப் பதில் 22 நிமிடம் வரும், ஃபிலிம் செலவு பாதி. அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்கும் அனமார்ஃபிக் லென்ஸும் வேண்டாம், சாதாரண ஜூம் மாட்டினாலே அகலத்திரை கிடைத்துவிடும். இந்தப் படங்களில் ஜூம் இப்படிக் குவிந்து கிடப்பதற்கு அது ஒரு காரணம். விலை என்னவென்றால் ஃபிரேமின் பரப்பும் பாதி, அதனால் கிரெயின் பெருத்துத் தெரியும். ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி நூலளவுதான். கேமராவில் ஃபிலிம் ஒளிபடும் சட்டத்தில் (கேட்) சிக்கிய தூசி திரையின் மேல் ஓரத்தில் மயிர்போல ஆடும், ஷாட் மாறும் இடங்களில் ஒட்டுக் கோடு சட்டென்று மின்னும். இவை நெகட்டிவிலேயே இருப்பவை. எந்தப் பிழையும் இல்லாமல் வழுவழுப்பாக ஒரு டிஸ்க் வந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்: முகத்துச் சுருக்கத்தோடு சேர்த்து வழித்துவிட்டிருப்பார்கள்.

ஸ்கேனர் இரைச்சலைக் கிரெயின் என்று நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. ஃபிலிமை வீடியோவாக்கும் பழைய டெலிசினி கருவியில் எடுத்த இத்தாலிய எச்டி மாஸ்டர்களில் இது சகஜம். அசையாத ஷாட் ஒன்றில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். உண்மைக் கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும். இரைச்சல் இருந்த இடத்திலேயே வலைபோலப் படிந்து நிற்கும்.

---

ஒலிக்கு வருகிறேன். "ஒரிஜினல் மொழி எது" என்ற சண்டையே இங்கே செல்லாது. செட்டில் ஒலிப்பதிவு பெரும்பாலும் பெயருக்குத்தான். அமெரிக்கர் ஆங்கிலத்தில், இத்தாலியர் இத்தாலியத்தில் பேசிவிட்டுப் போவார்கள், பிறகு எல்லாமே டப்பிங். மிலானோவில் நடக்கிற படத்தில் அமெரிக்க நடிகர் ஹென்றி சில்வாவின் உதடு ஆங்கிலத்துக்குத்தான் ஒத்துப்போகும். நடிகர் தோமாஸ் மிலியனின் படங்களுக்கு மட்டும் இத்தாலிய ஒலித்தடத்தையே போடுங்கள். அவருக்கு வழக்கமாகக் குரல் கொடுத்தவர் ஃபெர்ருச்சோ அமெந்தோலா. இத்தாலியில் டி நீரோவுக்கும் பசினோவுக்கும் அவர் குரல்தான். ஆங்கில டப்பில் மிலியனின் பாத்திரம் பாதி காணாமல் போய்விடுகிறது. மண் சாலையிலும் டயர் கிரீச்சிடுவதை மட்டும் இரண்டு மொழியிலும் தவிர்க்க முடியாது!

சப்டைட்டில் விஷயத்தில் உஷார். ஆங்கில டப் வசனத்தையே எழுத்தாக்கி இத்தாலிய ஒலிக்குக் கீழே ஓட்டுகிற டிஸ்க்குகள் உண்டு. ஆள் ஒற்றைச் சொல் சொல்லும்போது கீழே இரண்டு வரி ஓடினாலோ, காதில் விழும் பெயர் எழுத்தில் வேறாக இருந்தாலோ அந்தக் கேஸ்தான்.

டிவிடியில் உள்ள இத்தாலிய ஒலியை ப்ளூரே படத்தோடு சேர்க்கப் பார்ப்பவர்களுக்கு: பால் ஒலியை 1.0427 மடங்கு நீட்ட வேண்டும். அதாவது 25ஐ, ப்ளூரே ஓடும் வேகமான 23.976ஆல் வகுத்தது. 24 என்று போட்டால் 90 நிமிட முடிவில் ஐந்தரை நொடி வரை விலகி நிற்கும். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லாத படங்கள், அதையே அடையாளமாக வையுங்கள். முதல் ரீலில் ஒரு வெடி, கடைசி ரீலில் ஒரு வெடி, நடுவில் மூன்று நான்கு. விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால் வேகக் கணக்கு தப்பு. ஓரிடம் வரை பூஜ்யமாக இருந்து திடீரென இரண்டு நொடி என்று குதித்தால் அங்கே ஏதோ ஒரு பதிப்பில் வெட்டு. அந்த இடத்தில் ஒலியைப் பிளந்து நகர்த்துங்கள். மொத்தத்தையும் நீட்டினால் மற்ற இடங்களும் கெடும்.

---

நிறத்துக்கு ஒரு சுலபமான அளவுகோல்: ஜே அண்ட் பி விஸ்கி. அக்கால இத்தாலியப் படங்களில் எந்த வீட்டு மேசையிலும் அந்தப் பாட்டில் இருக்கும். பச்சைக் கண்ணாடி, மஞ்சள் லேபிள், சிவப்பு எழுத்து. அது வரும் ஷாட்டில் நிறுத்துங்கள். லேபிளும் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையும் ஒரே நிறத்துக்கு நெருங்கி வந்தால், புதுசாகக் கலர் திருத்தியவர் மஞ்சள் பூசிவிட்டார். கண்ணாடி பழுப்பாகி எல்லாமே இளஞ்சிவப்பில் மூழ்கினால், பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டிலிருந்து எடுத்தது. அதில் சியான் (நீலப்பச்சை) சாயம்தான் முதலில் வெளிறும். மஞ்சள் பூச்சை டிவி செட்டிங்கில் ஓரளவு சமாளிக்கலாம், வெளிறிய சாயம் திரும்ப வராது.

---

வாங்கும்போது இத்தாலியப் பெயரை வைத்துத் தேடுங்கள். இயக்குநர் ஃபெர்னாண்டோ தி லேயோவின் "இல் பாஸ்" (1973) அமெரிக்காவில் "வைப்அவுட்!" ஆனது. உம்பெர்த்தோ லென்சியின் 1974 படமான "மிலானோ ஓதியா: லா பொலித்சியா நோன் புஓ ஸ்பராரே" அங்கே "ஆல்மோஸ்ட் ஹியூமன்" ஆகி, திகில் படம் மாதிரி விளம்பரம் செய்யப்பட்டது. பெயர் தெரியாமல் ஒரே படத்தை இரண்டு முறை வாங்குவது இந்த ரசிகர்களிடையே சர்வசாதாரணம். 2004 வெனிஸ் திரைப்பட விழாவில் இத்தாலிய மலிவுப் படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்த பிறகுதான் நல்ல பதிப்புகள் வரிசையாக வர ஆரம்பித்தன. தி லேயோ அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இயக்குநர் மரியோ பாவாவின் "கானி அர்ரபியாத்தி" தனிக் கதை. 1974இல் எடுத்தது, தயாரிப்பு திவாலாகிப் பெட்டிக்குள் போய், அவர் 1980இல் இறந்து பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. இரண்டு வடிவம் உண்டு. ஒன்று அவர் திட்டத்தை ஒட்டியது, மற்றதில் பின்னாளில் புதிதாக எடுத்த காட்சிகளும் வேறு இசையும் இருக்கும். ஏறக்குறைய படம் முழுக்க ஒரே காருக்குள் வேர்த்து வழியும் முகங்கள். கதை அடிக்கடி காரை விட்டு வெளியே போய் வந்தால் உங்களிடம் இருப்பது இரண்டாவது.

---

ருஜ்ஜேரோ தேயோதாத்தோவின் 1976 படத்தில் தொடக்க பைக் துரத்தல் கண்டபடி தாவுகிறதே, வெட்டா?

---

இல்லை. அது ரோம் தெருக்களில் அனுமதி வாங்காமல் எடுத்தது. நடைபாதையில் நிற்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பதைக் கவனியுங்கள், துணை நடிகர்கள் இல்லை அவர்கள். இரண்டாம் டேக் கேட்க வழியில்லாத இடத்தில் கிடைத்ததை ஒட்டியிருக்கிறார்கள். இசை அறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அறாமல் ஓடினால் உங்கள் டிஸ்க் முழுசு.