பாதியில் மூடிய புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?

பக்கக்குறி:
இரண்டு மாதத்தில் ஐந்து புத்தகம் எடுத்தேன். மூன்றை முடித்தேன், இரண்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். ஐந்தைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பூமணியின் 'வெக்கை' (1982). ஒரே மூச்சில் படித்தேன். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணன் சாவுக்குக் காரணமானவனின் கையைத்தான் வெட்ட நினைத்தான், ஆள் செத்தே போகிறான். தொடக்கத்திலேயே இது நடந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் புத்தகம் முழுக்க அப்பாவும் மகனும் ஒளிந்து திரிவதுதான். அடுத்த வேளைக்கு என்ன செய்வது, இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று பேசிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் அவ்வளவு பாசம் இருக்கிறது.

அடுத்து அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926). முடிவு தெரிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது, ஆலிவர் சாக்ஸின் 'தி மேன் ஹூ மிஸ்டுக் ஹிஸ் வைஃப் ஃபார் எ ஹேட்' (1985). நரம்பியல் மருத்துவர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய புத்தகம். கண் பார்ப்பது ஒன்று, பார்த்ததை மனம் இன்னதென்று அறிவது வேறொன்று என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

விட்ட இரண்டு: உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' (1980) வறட்சி. மடாலயத்தில் கொலை என்று ஆசை காட்டி உட்காரவைத்துவிட்டு, மதச் சண்டைகளின் வரலாற்றைப் பாடம் நடத்துகிறார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) தலைக்கனம் பிடித்த புத்தகம். இரண்டையும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசிவரி:
'வெக்கை'யைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சரியாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியை ஏற்க முடியவில்லை. பாதியில் விட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எப்படி 'வறட்சி', 'தலைக்கனம்' என்று முழுப் புத்தகத்துக்கும் பெயர் வைக்கிறீர்கள்? நீங்கள் படிக்காத பாதியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் மூடி வையுங்கள், அது உங்கள் விருப்பம். 'சிபாரிசு செய்ய மாட்டேன்' என்று நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதும்போது, அந்தப் புத்தகத்தை இன்னும் தொடாதவரின் கையையும் சேர்த்துத் தடுக்கிறீர்கள்.

பக்கக்குறி:
எத்தனை பக்கம் படித்தால் எனக்குப் பேசத் தகுதி வரும்? ஐம்பதா, இருநூறா? ஒரு புத்தகம் என்னைப் பிடித்து வைக்கவில்லை என்பதும் அந்தப் புத்தகத்தைப் பற்றிய செய்திதான். முடித்தவர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்றால், எல்லாப் புத்தகத்துக்கும் பாராட்டு மட்டும்தான் மிஞ்சும். பிடிக்காதவர்கள் எப்போதோ இறங்கிப் போயிருப்பார்கள், அவர்கள் குரல் எங்கேயும் பதிவாகாது.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் வாசகரின் பத்து உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். படிக்காமல் இருக்கும் உரிமை முதலாவது. பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை இரண்டாவது. முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது. பள்ளியில் பாடம் நடத்திய மனிதர் அவர். பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டு பயப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது அது. முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எத்தனை பேரைப் படிப்பதிலிருந்தே விரட்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிவரி:
பென்னாக்கின் பட்டியலை நானும் படித்திருக்கிறேன். மூன்றாவது உரிமையை மதிக்கிறேன். அதே பட்டியலில் பத்தாவதாக இருப்பது படித்ததைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்கும் உரிமை. பாதியில் விட்ட புத்தகத்துக்குப் பொருந்துவது அதுதான் என்பேன்.

நடுநிசி:
நான் குற்றப் புனைவு மட்டுமே அதிகம் படிக்கிற ஆள். எந்த வகைப் புத்தகம் என்று பார்க்காமல் இருவரும் பேசுகிறீர்கள். அதைச் சொல்ல 'அக்ராய்ட்' முடிவைச் சொல்லியாக வேண்டும். இன்னும் படிக்காதவர்கள் என் பேச்சைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதையைச் சொல்கிற டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். நாலாவது அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். கடிதம் உள்ளே கொண்டுவரப்படுவது எட்டு நாற்பதுக்கு. எட்டு ஐம்பதுக்கு டாக்டர் அறையை விட்டுக் கிளம்புகிறார். கடிதம் அப்போதும் படிக்கப்படாமல் கிடக்கிறது. கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசிக்கிறார். முதல் தடவை படிக்கும்போது இதில் ஒன்றுமே தெரியாது. பொறுப்பான டாக்டர், நண்பரின் உடல்நிலையை நினைத்துத் தயங்குகிறார் என்று நகர்ந்துவிடுவோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கொலை நடந்திருக்கிறது! ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவரே அந்த இடத்தைக் காட்டி, அங்கே வரிசையாக நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களோ என்று கேட்கிறார்.

முக்கால்வாசியில் மூடியவர் படித்தது வேறு புத்தகம். சாதாரண துப்பறியும் கதை, ஒரு பணக்காரர் செத்தார், நாலு பேர் மேல் சந்தேகம், அவ்வளவுதான் என்று எழுதுவார். அவர் எழுதியது அவரைப் பொறுத்தவரை உண்மைதான். புத்தகத்தைப் பொறுத்தவரை முழுத் தவறு. ஆகவே இந்த வகையில் கடைசிவரி சொல்வது சரி.

'வெக்கை' அப்படியா? யார் கொன்றார், ஏன் கொன்றார் எல்லாம் ஆரம்பத்திலேயே கையில் இருக்கிறது. அந்த நாவல் தன்னை ஒளித்து வைக்கவே இல்லை. முப்பது பக்கம் படித்து ஒட்டாதவருக்குக் கடைசிப் பக்கம் வேறு ஒன்றைத் தரும் என்று சொல்லமாட்டேன். அங்கே பாதியில் நின்றவரின் கருத்தும் எனக்குக் கருத்துதான்.

அடிக்கோடு:
புனைவை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். நான் கதை அதிகம் படிப்பதில்லை. அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, இவைதான். இந்தப் பக்கம் வந்து பாருங்கள், முடிப்பது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. சாக்ஸின் புத்தகத்தில் 24 கட்டுரைகள். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். நான் ஏழெட்டுதான் படித்திருக்கிறேன்.

தலைப்புக் கட்டுரை ஒன்றே போதும். அதில் வரும் இசை ஆசிரியரிடம் சாக்ஸ் ஒரு கையுறையைக் கொடுத்து இது என்ன என்று கேட்கிறார். தன்மீதே மடிந்த தொடர்ச்சியான ஒரு பரப்பு, ஐந்து பைகள் வெளியே நீட்டியிருக்கின்றன என்கிறார் மனிதர். விவரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கையுறை என்ற சொல் வரவில்லை! ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளும் பையாக இருக்குமோ, ஐந்து அளவு நாணயங்களைப் போடுகிற பணப்பையோ என்று யோசிக்கிறார். இந்த ஒரு பக்கம் என் மனதில் ஒட்டிக்கொண்டது போல, முழுசாகப் படித்த பல புத்தகங்கள் ஒட்டவில்லை. ஏழு கட்டுரை படித்தவன் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாதா?

கடைசிவரி:
அடிக்கோடு, பேசலாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த புத்தகம் உங்கள் வாதத்துக்கு உதவவில்லை. அந்த 24 கட்டுரைகளும் நாலு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டவை. முதல் பகுதியின் தலைப்பே 'இழப்புகள்'. கையுறையை அறியாதவர், நினைவை இழந்தவர் என்று எதை இழந்தார்கள் என்ற கணக்குதான் அதில். கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே ரெபேக்கா என்று பத்தொன்பது வயதுப் பெண் வருகிறாள். பரிசோதனை அறையில் அவளால் எதுவும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. சாக்ஸும் அவளைக் குறைகளின் மூட்டையாகத்தான் பார்க்கிறார். அப்புறம் ஒரு நாள் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தளிர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவளைக் காண்கிறார். பதற்றமில்லாமல், முழு மனுஷியாக, அந்த இடத்தோடு பொருந்தி உட்கார்ந்திருக்கிறாள். நம் சோதனைகள் அவளிடம் இல்லாதவற்றை மட்டுமே காட்டின, இருப்பவற்றைக் காட்டவில்லை என்று அவருக்கே புரிகிறது.

முதல் பகுதியைப் படித்தவருக்கு சாக்ஸ் ஒரு கூர்மையான மருத்துவர், அவ்வளவுதான். அந்தப் பார்வையின் போதாமையை அவரே உணர்வது கடைசிப் பகுதியில். எனக்கு அந்தப் புத்தகம் பிடித்ததே அதற்காகத்தான். அதைப் படிக்காமல் விடுவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

அடிக்கோடு:
ரெபேக்கா கட்டுரையை நான் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கே படிக்கிறேன். ஆனால் பொதுவான விஷயத்தில் நான் நகரவில்லை. ஒரே கருத்தை முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பத்து அத்தியாயத்துக்கு அதையே நீட்டுகிற சுயமுன்னேற்றப் புத்தகங்களை நானும் எத்தனையோ பார்த்துவிட்டேன். அவற்றைக் கடைசிவரை படித்துத்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் வாழ்நாள் போதாது.

நடுநிசி:
எக்கோ பேச்சு அப்படியே நிற்கிறது. குற்றப் புனைவு வாசகனாகச் சொல்கிறேன், 'ரோஜாவின் பெயர்' எனக்கும் தொடக்கத்தில் கல் ஏறுவது போலத்தான் இருந்தது. ஏழு நாள் கதை, 1327இல் நடக்கிறது. அதன் பாதிப் பேச்சு யாரோடு யார் சண்டை என்றே புரியவில்லை.

கடைசிவரி:
அது தெரிந்தே செய்தது. நாவல் வந்த பிறகு எழுதிய குறிப்புகளில் எக்கோவே சொல்கிறார். முதல் நூறு பக்கத்தைச் சுருக்கும்படி நண்பர்களும் பதிப்பாளர்களும் சொன்னார்களாம், அவர் மறுத்துவிட்டாராம். மடாலயத்துக்குள் போய் ஏழு நாள் தங்க வேண்டுமென்றால் அதன் நடைக்கு வாசகர் பழகியாக வேண்டும், அந்த நூறு பக்கம் ஒரு தவம் மாதிரி என்பது அவர் கணக்கு. பக்கக்குறி 'வறட்சி' என்று சொன்னது அந்த வாசற்படியை.

பக்கக்குறி:
இப்போது நீங்களே எனக்கு வழி விட்டுவிட்டீர்கள். அதே குறிப்பில், இந்தத் தவம் பிடிக்காதவர் மலையடிவாரத்திலேயே இருந்துகொள்ளட்டும் என்றும் எக்கோ சொல்கிறார். சரி, நான் அடிவாரத்திலேயே இருந்துகொண்டேன். அடிவாரத்தில் இருப்பவருக்கு வாய் இல்லையா? பாதை செங்குத்து, மூச்சு வாங்குகிறது என்று பின்னால் வருபவரிடம் சொல்லக்கூடாதா? மேலே கோபுரம் எப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த பாதையைச் சொன்னேன்.

கடைசிவரி:
பாதையைச் சொன்னால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நீங்கள் சொன்னது 'சிபாரிசு செய்ய மாட்டேன்'. இரண்டும் ஒன்றா? 'நூறு பக்கத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன், அதுவரை மதச் சண்டைப் பேச்சு அதிகம்' என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். படிக்கிறவர் அவரே முடிவு செய்துகொள்வார். அப்புறம், 'ஜே.ஜே'யைத் தலைக்கனம் என்றீர்களே, அதற்குக் காரணமே சொல்லவில்லை. எந்த இடத்தில் விட்டீர்கள்?

பக்கக்குறி:
நேராகவே சொல்கிறேன். கதை சொல்லும் தமிழ் எழுத்தாளர் பாலு, மலையாள எழுத்தாளன் ஜே.ஜேயைச் சந்திக்கிற இடம். தமிழ் எழுத்தாளர் என்று தெரிந்ததும் ஜே.ஜே கேட்கிறான்: சிவகாமி அம்மாள் அவளுடைய சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா? அங்கே மூடிவிட்டேன்.

நான் முழுதாகப் படித்த முதல் பெரிய புத்தகம் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. நாகநந்தி யார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த பாகம் கிடைக்கும்வரை படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் நான் படிக்கிறவளாகவே ஆகியிருக்கமாட்டேன். உங்கள் மொழியில் இருப்பது அவ்வளவுதானே என்று ஏளனமாக ஒருவன் கேட்டால், அது என் முகத்தைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. தலைக்கனம் என்ற சொல் அங்கிருந்து வந்தது.

கடைசிவரி:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. 'தலைக்கனம்' என்ற ஒற்றைச் சொல்லைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கேள்வி எனக்கும் குத்தியது. ஆனால் நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். கல்கியைப் படித்து வளர்ந்த பிள்ளையை அது கேலி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மொழி வெளியே தன்னை எதை வைத்து அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்ற ஆதங்கம் சுந்தர ராமசாமிக்கு இருந்தது. அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்வது ஒரு தமிழ் எழுத்தாளன், எழுதியவரும் தமிழ் எழுத்தாளர். வலி அவருக்கும்தான். இரண்டாம் பாதி முழுக்க ஜே.ஜேயின் நாட்குறிப்பு. கேள்வி கேட்டவன் தன்னையே எப்படிக் குடைந்துகொள்கிறான் என்று அங்கே பாருங்கள்.

நடுநிசி:
கடைசிவரி, நீங்கள் இதுவரை ஒரு புத்தகத்தைக்கூடப் பாதியில் விட்டதில்லையா?

கடைசிவரி:
விட்டிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன், நான் அவற்றை முடிக்கவில்லையே.

பக்கக்குறி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 'ஜே.ஜே'யை முடித்துவிட்டேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5, ஜே.ஜே இறந்தான் என்று தொடங்கும்போதே முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது, பெரிய பெயரோடு ஒட்டிக்கொள்கிறார்களே என்று. இந்தத் தடவை அதே இடத்தில் இப்படி ஒரு எழுத்தாளன் நம் பக்கத்தில் இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் கேட்டது. நாட்குறிப்புப் பகுதியில் பல இடம் எனக்கு இழுவையாக இருந்தது. சில பக்கங்களைத் தாண்டித்தான் போனேன். சிவகாமி கேள்வி இன்னும் வலிக்கிறது, அது சரியான கேள்வி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்கியைப் படித்ததால்தான் 'ஜே.ஜே' வரைக்கும் என்னால் வரமுடிந்தது, அதை ஜே.ஜேயிடம் சொல்ல யாருமே இல்லை அந்தப் புத்தகத்தில். ஆனால் தலைக்கனம் என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். கேட்டவனுக்கே அது நிம்மதி தராத கேள்வி.

'ரோஜாவின் பெயர்' மறுபடி எடுக்கப்போவதில்லை. அதைப் பற்றி எழுதிய வரியை மட்டும், எண்பத்தாறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன் என்று திருத்தியிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது மறுபடியும் 'அக்ராய்ட்'. எட்டு நாற்பது தாண்டிவிட்டது, டாக்டர் கைப்பிடியில் கை வைத்திருக்கிறார்.