புதுப்பிப்பு: 6 அங்குலத் தொலைநோக்கிக்கான தெற்கு வானப் பட்டியல்

ஆஸ்திரேலியாவின் பெர்த் புறநகர் வெளிச்சத்தில் எவற்றைப் பார்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மே மாத முன்னிரவுக்கான பட்டியல் இப்போது தயார்.

இரட்டை விண்மீன்களுக்கே, அதாவது வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நெருங்கிய இணைகளுக்கே முதலிடம். நகர வெளிச்சம் மங்கலான விண்மீன் மண்டலங்களைக் (கேலக்ஸிகளை) கரைத்துவிடும், இரட்டைகளை அவ்வளவாகத் தொடாது. திரிசங்குவின் (தென்சிலுவை விண்மீன் கூட்டத்தின்) அடியில் இருக்கும் அக்ரக்ஸ் 4 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு வெண்ணீலப் புள்ளிகளாகப் பிரிகிறது. காற்று அடங்கிய இரவில் அதைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு அழகு! ஆல்ஃபா சென்டாரி இணை ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும். 2016 வாக்கில் நெருங்கித் தெரிந்த இரண்டும் இப்போது விலகிக்கொண்டே வருவதால் புதியவர்களுக்கும் பிரிப்பது எளிது.

அக்ரக்ஸிலிருந்து அதே கூட்டத்தின் பீட்டா குரூசிஸ் விண்மீனுக்கு நகர்ந்தால், அதிலிருந்து ஒரு பாகை தள்ளி நகைப்பெட்டி என்ற விண்மீன் கொத்து. நீல மீன்களுக்கு நடுவே ஒரே ஒரு செம்மீன். 1750களின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லகாய் பதிவு செய்தது இது.

ஒமேகா சென்டாரி என்ற உருண்டையான விண்மீன் கொத்து கட்டாயம் உண்டு; உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஓரங்கள் மணல்மணலாகப் பிரியும். அங்கிருந்து நாலரை பாகை வடக்கே உள்ள சென்டாரஸ் ஏ மண்டலத்தின் கரும்பட்டைக்கு இருண்ட வானம் தேவை, அதனால் அது கிராமப்புறப் பயணத்துக்கு.

47 டுக்கானே என்ற இன்னொரு உருண்டைக் கொத்து இங்கே வசந்தத்துக்கு, அதாவது அக்டோபருக்கு. டாரன்டுலா நெபுலா என்ற வாயு மேகம் கோடைக்கு. அந்த இரண்டு பருவங்களுக்கும் உங்கள் விருப்ப இரட்டைகளைச் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.