ஆண் நாய் வீட்டுக்குள் கால் தூக்குகிறது, என்ன செய்யலாம்?

தேன்சிட்டு:

வணக்கம். எங்கள் வீரா இரண்டு வயது ஆண் நாய், கருத்தடை செய்யவில்லை. குட்டியிலேயே எல்லாம் வெளியேதான் என்று பழகிக்கொண்டவன், வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்ததில்லை. போன மாதம் என் நாத்தனார் வந்து தங்கியபோது அவருடைய நாயையும் கூட்டி வந்திருந்தார், அதுவும் ஆண்தான். இரண்டுக்கும் சண்டை ஒன்றும் இல்லை, சேர்ந்து விளையாடக்கூடச் செய்தன, ஆனால் ஒன்று படுத்த இடத்தை மற்றது போய் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் இவன் ஆரம்பித்தான்.

சோபாவின் ஒரு மூலை, சாப்பாட்டு மேசையின் கால், கூடத்து ஜன்னல் திரைச்சீலையின் கீழ் ஓரம், இந்த மூன்றும்தான் மாறி மாறி. ரொம்பக் கொஞ்சமாகத்தான் விடுகிறான், ஒரு கரண்டிகூட இருக்காது. வெளியே கூட்டிப்போய் நன்றாகப் போய்விட்டு வந்து, உள்ளே நுழைந்ததும் நேராக மேசைக்குப் போய்க் காலைத் தூக்குகிறான் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஃபினாயில் ஊற்றித் துடைக்கிறோம், மறுநாள் அதே இடம். திட்டினால் காதை ஒட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறான், அப்புறம் நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்கிறான்.

மாமனார் இனி அவனை வெளியிலேயே கட்டிப்போடுங்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்த சோபா மூலை அவர் உட்காரும் இடம். ஆனால் உள்ளேயே வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று எப்படி வெளியே தள்ளுவது? கருத்தடை செய்தால் நின்றுவிடுமா? அதுவரை வீட்டை எப்படிச் சமாளிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுகால் தோழன்:

கருத்தடை செய்துவிடுங்கள் அக்கா, வேறு எதுவும் தேவையில்லை. எங்கள் நாய்க்குச் செய்த பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது. துடைக்கிறேன், பழக்குகிறேன் என்று நாளைக் கடத்தினால் பழக்கம்தான் கெட்டியாகும்.

வெண்ணிலா:

தேன்சிட்டு, அவன் செய்வது சிறுநீர் கழிப்பது இல்லை, மோப்பக் குறி வைப்பது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும். அடக்க முடியாத நாய் தரையில் குளமாக விட்டுவிடும். குறி வைக்கும் நாய் நிமிர்ந்து நிற்கிற பொருளாகப் பார்த்து, கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போகும். வெளியே போய் வந்தவுடன் செய்கிறானே என்று குழம்ப வேண்டாம், இதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வது ஆண் நாய்களுக்கு இயல்பு. உங்கள் மேல் கோபமோ பழிவாங்கலோ இதில் துளியும் கிடையாது. இன்னொரு ஆண் நாயின் வாசனை அங்கே இருக்கிறது, அதன் மேல் தன் வாசனையை வைக்கிறான், அவ்வளவுதான். விருந்தாளி நாயும் உங்கள் கண்ணில் படாமல் ஓரிரு சொட்டு விட்டுப் போயிருக்கலாம்.

ஆனாலும் முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. பழகிய நாய் திடீரென்று மாறினால் கிருமித் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், சர்க்கரை நோய் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அடிக்கடி முக்குகிறானா, ரத்தம் தெரிகிறதா, அந்த இடத்தை விடாமல் நக்குகிறானா, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறானா என்று பாருங்கள். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது, கல் வந்து அடைத்தால் முக்கி முக்கி நிற்பான், ஒன்றும் வராது. அப்படி ஒரு நாள் கண்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடுத்தது, ஃபினாயிலை இன்றே நிறுத்துங்கள். அது நம் மூக்குக்குத்தான் நாற்றத்தை மறைக்கும், அவன் மூக்குக்கு மறைக்காது. பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும், வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஆபத்து. அமோனியா கலந்த துடைப்புத் திரவங்களும் வேண்டாம், சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்தால் வருவதும் அதே அமோனியாதான். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், மூச்சுத் திணறும்.

வாங்க வேண்டியது செல்லப்பிராணிச் சிறுநீருக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர், அதாவது சிறுநீர்க் கறையைச் சிதைக்கிற நொதி கலந்த துடைப்புத் திரவம். பலரும் அதைத் தெளித்தவுடனே துடைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். என்சைமுக்கு நேரம் வேண்டும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், பழைய ஃபினாயில் போக வெறும் தண்ணீரில் துடையுங்கள், பிறகு சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் இறங்கும்படி தாராளமாக ஊற்றுங்கள். குறைந்தது 10, 15 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும், பஞ்சு மெத்தையாக இருந்தால் இன்னும் அதிகம். அப்புறம் தானாகக் காய விடுங்கள். நீராவி இயந்திரம் வேண்டாம், சூடு பட்டால் நாற்றம் துணியிலேயே தங்கிவிடும்.

எங்கெங்கே விட்டிருக்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு புற ஊதா டார்ச் வாங்கி, இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத்தூள் படிந்த துணியும் ஒளிரும் என்பதால் குனிந்து மோந்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேசைக் கால் தரையைத் தொடுகிற அடிப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பாலீஷ் இருக்காது, அறுத்த மரம் அப்படியே இருக்கும், வழிந்து இறங்குவதையெல்லாம் அது குடித்துவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் கீழே வாசனை அப்படியே நிற்கும். மேசையைச் சாய்த்துவைத்து அந்த இடத்தை நனையுங்கள். வீரா சின்ன உருவமாக இருந்தால் நீங்கள் நினைப்பதைவிட உயரத்திலும் தேடுங்கள், சின்ன நாய்கள் காலை அதிகச் சாய்வாகத் தூக்கி மேலே அடிக்கின்றன என்று 2018இல் ஆய்வே வந்திருக்கிறது.

பழைய சைக்கிள்:

தம்பி நாலுகால் தோழன் சொன்னது அவர் வீட்டு நாய்க்குச் சரியாக இருந்திருக்கும், எல்லா நாய்க்கும் அப்படி நடக்காது. 1997இல் அமெரிக்காவில் 57 ஆண் நாய்களை வைத்து இதைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் குறி வைப்பது பாதி அளவாவது குறைந்தது ஏறத்தாழ 60 சதவீத நாய்களுக்கு. 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, அதாவது கிட்டத்தட்ட நின்றேபோனது, 25 முதல் 40 சதவீத நாய்களுக்குத்தான். ஆகவே பலன் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டைத் துடைக்காமல் இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இன்னொன்று, நாயின் வயதோ அது எத்தனை காலமாகச் செய்துவருகிறது என்பதோ பலனை மாற்றவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் தேன்சிட்டு, நாள் தள்ளினால் கெட்டியாகிவிடுமே என்று பதறி முடிவெடுக்க வேண்டாம்மா.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும், நடத்தை இறங்க வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். உங்கள் நாய் பயந்த சுபாவமா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெடிச்சத்தம், புது ஆட்கள் என்று எதற்கும் நடுங்குகிற நாய்க்குக் குறி வைப்பதன் வேர் ஹார்மோனில் இல்லாமல் பதற்றத்தில் இருக்கலாம், அங்கே கத்தியால் அதிகம் சாதிக்க முடியாது, சில நாய்களுக்குப் பயம் கூடியும் இருக்கிறது.

முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் நடுவில் ஒரு வழி உண்டு. ஆண் ஹார்மோனைத் தற்காலிகமாக அடக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்தை ஓர் அரிசி அளவுக்கு உருளையாக்கித் தோலுக்கு அடியில் வைப்பார்கள், சில நாடுகளில் கிடைக்கிறது. அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ வேலை செய்யும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கருத்தடை செய்தால் இவன் எப்படி மாறுவான் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த முதல் சில வாரங்கள் ஹார்மோன் ஏறி, அதன் பிறகுதான் இறங்கும், அந்த நேரத்தில் தொல்லை கூடினால் பயப்படக் கூடாது.

தேன்சிட்டு:

எல்லோருக்கும் நன்றி. சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தாகிவிட்டது, தொற்றும் இல்லை, கல்லும் இல்லை. நாத்தனார் நாய் படுக்கும் விரிப்பு சோபா அடியில் இருக்கும் இழுப்பறையில் மடித்து வைத்தபடியே இருந்தது, அந்த மூலைக்கு நேர் கீழே. டார்ச் அடித்தபோது சோபாவின் பின்பக்கத் துணியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வரிசையாக ஒழுகிய கோடுகள் தெரிந்தன. அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. செருப்பு அலமாரியிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் என்சைம் போட்டு ஊற வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கேள்வி, அவன் தூக்கப் போகிற அந்த நொடியில் நான் என்ன செய்ய வேண்டும்? சிறுநீரை உறிஞ்சும்படி நாயின் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற இடுப்புப் பட்டையைக் கட்டலாம் என்று ஒரு தோழி சொன்னாள், இரவு முழுக்கக் கட்டி வைக்கலாமா?

மூன்று குட்டிகளின் அம்மா:

அந்த நொடிக்கு முன்னாலேயே அவன் சொல்லிவிடுவான் தோழி. எங்கள் வீட்டில் இரண்டு ஆண், ஒரு பெண் என்பதால் இதைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது. சும்மா நடந்துகொண்டிருப்பவன் ஓர் இடத்தில் மூக்கை வைத்ததும் சட்டென்று நிற்பான். அந்த ஒரே புள்ளியை ஆழமாக மோப்பான், சில நேரம் நாக்கு நுனி மேல் அண்ணத்தைத் தட்டும், தாடை லேசாக நடுங்கும். பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி அந்தப் பொருளுக்கு ஒட்டினாற்போல் நிற்பான். இந்தத் திரும்பல்தான் உங்களுக்கான அடையாளம். அப்போதே அவன் பெயரைச் சாதாரணக் குரலில், உற்சாகமாகக் கூப்பிடுங்கள். கத்த வேண்டாம். உங்களிடம் வந்தால் கையில் ஒரு தின்பண்டம், அப்படியே வெளியே கூட்டிப்போய் அங்கே தூக்கட்டும், தூக்கினால் இன்னொன்று. திட்டியதால்தான் கட்டிலடிக்குப் போகிறான், அவன் கற்றுக்கொண்டது வீட்டுக்குள் கூடாது என்பது இல்லை, நீங்கள் பார்க்கும்போது கூடாது என்பது மட்டும்தான். நடந்து முடிந்ததைப் பிறகு காட்டித் திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கெல்லாம் அவன் கண்ணெதிரில் இருக்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு வீடு முழுக்கச் சுதந்திரமாகத் திரிய விடாதீர்கள். சமைக்கும்போது, வேலை பார்க்கும்போது, ஒரு நீளக் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு அவனையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க முடியாத நேரத்தில் அவன் ஒருபோதும் குறி வைக்காத அறையில் விளையாட்டுச் சாமானோடு விடுங்கள். நன்றாகச் சுத்தம் செய்த சோபா மூலைக்குப் பக்கத்தில் அவனுடைய சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள், சாப்பிடும் இடத்தில் பெரும்பாலான நாய்கள் தூக்குவதில்லை. விருந்தாளிகளின் பை, புதுச் செருப்பு, புதிதாக வந்த அட்டைப்பெட்டி எதையும் தரையில் வைக்காதீர்கள், புது வாசனை என்றாலே அவனுக்குக் கை பரபரக்கும். ஜன்னல் திரைச்சீலையில் செய்கிறான் என்றால் அந்த ஜன்னல் வழியே அவன் வேறு நாயைப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் வரும்படியான தாளை ஒட்டிவிடுங்கள்.

இடுப்புப் பட்டை சோபாவைக் காப்பாற்றும், பழக்கத்தை மாற்றாது. யாராவது வந்திருக்கும்போது, மாமனார் கூடத்தில் இருக்கும்போது கட்டுங்கள், தப்பே இல்லை. ஆனால் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்தோடு இருந்தால் தோல் சிவந்து புண்ணாகிவிடும். வெளியே கூட்டிப்போகும்போது கழற்ற மறக்காதீர்கள். இரவு முழுக்க வேண்டாம், அதற்குப் பதில் உங்கள் கட்டில் பக்கத்திலேயே படுக்க வையுங்கள், எழுந்தால் உங்களுக்குத் தெரியும்.

மாமனார் விஷயம். வெளியே கட்டிப்போட்டால் சோபா நனையாது, உண்மைதான். ஆனால் அங்கே தனியாகக் கிடந்து போகிற வருகிற நாயையெல்லாம் பார்த்து அவன் இன்னும் பதற்றமாவான், என்றைக்கு உள்ளே விட்டாலும் மறுபடி தூக்குவான். இவன் என்னை மதிக்கவில்லை, என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று பெரியவர்கள் நினைப்பதுண்டு, அந்த மூலை அவருடையது என்பதால் மனசில் பட்டிருக்கும். கீழே கிடந்த விரிப்பை எடுத்து அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் மாலை நடைக்கு அவரையே வீராவைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாமல் மரம் மரமாக மோந்து பார்க்க விடட்டும்.

வெண்ணிலா:

விரிப்புதான் காரணம் என்று படுகிறது, நல்லவேளை கண்டுபிடித்தீர்கள். அதைத் துவைத்தாலும் வீட்டில் வைக்க வேண்டாம், நாத்தனாரிடமே அனுப்பிவிடுங்கள். திரைச்சீலையை என்சைம் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தரையைத் தொடாதபடி முடிச்சுப் போட்டுத் தூக்கி வையுங்கள். சோபா பஞ்சு உள்ளே நன்றாக நனைந்திருந்தால் உறையைக் கழற்றிப் பஞ்சையும் பாருங்கள், மஞ்சளாகியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம்.

பழைய சைக்கிள்:

நாத்தனார் அடுத்த முறை நாயோடு வந்தால் இரண்டையும் முதலில் வெளியே சேர்ந்து நடக்க வைத்து, வேண்டிய மட்டும் தூக்க விட்டு, அப்புறம் உள்ளே கூட்டி வாருங்கள். முதல் நாள் இரண்டுக்குமே பட்டை கட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்தும் குறையவில்லை என்றால் நடத்தைப் பிரச்சினைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள், பதற்றத்துக்கு ஃப்ளூவாக்ஸ்டின் போன்ற மருந்துகளைப் பயிற்சியோடு சேர்த்துத் தருவார்கள். மனிதர்களுக்கு வைத்திருப்பதை எடுத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், அளவு வேறு.