பெரும்பாக்கத்தில் ஊழியம், அமெரிக்காவில் ஆன்லைன் படிப்பு: சேரலாமா?

தெருமுனை ஊழியன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சென்னை பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் நானும் மனைவியும் ஊழியம் செய்கிறோம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம். மற்றபடி ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை என்று யார் கூப்பிட்டாலும் ஓட்டம்தான். நான் பி.காம்., அதற்கப்புறம் ஒரு வருஷ வேதாகமப் பள்ளி. அங்கே எபேசியர் நிருபத்தை வசனம் வசனமாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டவனிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

எங்கள் பாஸ்டர் ஐயா, கான்சஸ் சிட்டியில் இருக்கும் சிட்டி விஷன் யுனிவர்சிட்டி என்று ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவ ஸ்தாபனத்தைப் பற்றிச் சொன்னார். லாப நோக்கம் இல்லாதது, முழுக்க ஆன்லைன், நகரத்து ஊழியர்களை மனதில் வைத்தே பாடம் நடத்துகிறார்கள், போதை அடிமைகளுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது என்றார். சபை பாதிப் பணம் தருமாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நிஜமான பட்டம்தானா? நம் ஊருக்கு ஒத்துவருமா? என் இங்கிலீஷ் தாங்குமா? படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், பிரதர். நிஜம்தான். அவர்களுக்கு அங்கீகாரம் கொடுத்திருப்பது டிஇஏசி என்ற அமைப்பு. தொலைதூரக் கல்விக்கென்று 1926-லிருந்து இருக்கிறது, அமெரிக்கக் கல்வித்துறை ஏற்றுக்கொண்டது. கன்வென்ஷன் மேடையில் கறுப்பு அங்கி மாட்டி, போட்டோ எடுத்து, மறுநாளே போஸ்டரில் பேருக்கு முன்னால் "டாக்டர்" போட்டுக்கொள்ளும் ரகம் இல்லை இது.

ஆனால் அங்கே அங்கீகாரம் என்றால் இங்கேயும் அங்கீகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசு வேலைக்கோ இங்கே எம்.ஏ. சேரவோ காட்டுவதாக இருந்தால் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்கிற சமநிலைச் சான்று தனியாகக் கேட்பார்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு அதை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊழியத்துக்கு மட்டும்தான் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். இன்னொன்று, கார்டில் டாலர் கட்டினால் வங்கி தன் பங்குக்கு ஒரு மாற்றுக் கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. சபையிடம் பாதி கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வடசென்னை அக்கா:

தம்பி, நான் புளியந்தோப்புப் பக்கம் பெண்கள் மத்தியில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் கல்லூரியில் இல்லை, அந்த மாதிரி இன்னொன்றில் படித்தேன். பேர் வேண்டாம். பாடம் நன்றாக இருந்தது, ஆபீஸுக்கு மெயில் போட்டால்தான் பதில் வராது.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எது நமக்கு உதவும், எது உதவாது என்று தானே விளங்கும். 1872-ல் ஜெர்ரி மெக்காலே என்பவர் நியூயார்க் வாட்டர் தெருவில் குடிகாரர்களுக்கென்று ஒரு மிஷன் திறந்தார். அவரே சிங் சிங் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். அந்த வழியில் குடிகாரர்களையும் வீடில்லாதவர்களையும் மீட்கும் ரெஸ்க்யூ மிஷன்கள் ஊருக்கு ஊர் வந்தன, 1913-ல் அவற்றுக்கு ஒரு சங்கமும் வந்தது. அந்தச் சங்கம் 1998-ல் தன் ஊழியர்களைப் படிக்கவைக்கத் தொடங்கியதுதான் இன்றைக்கு சிட்டி விஷன். அதனால் குடி, போதை, தெருவில் படுப்பவர்கள் என்றால் அவர்களுக்குக் கைவந்த விஷயம்.

எனக்கு அதிகம் உதவியது போதை பற்றிய பாடம்தான். நம் சபையில் ஒருவர் குடியை விட்டுச் சாட்சி சொல்லுவார், கைதட்டுவோம். கொஞ்ச நாளில் திரும்பக் குடித்தால் "பின்வாங்கிப் போனார்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டோம். திரும்ப விழுவது இந்த வியாதியோடு கூடவே வருவது என்றும், விழுவதற்கு முன்பே அடையாளம் தெரியும் என்றும் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சம்பள நாள், சாவு வீடு, பழைய கூட்டாளியின் போன், மச்சானோடு சண்டை... ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். இப்போது அவர்களையே உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். சனிக்கிழமை கூலி வாங்குகிற ஒருவர், கூலியை மேஸ்திரி நேராக மனைவியின் ஜிபேக்குப் போடும்படி அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

இதைவிட முக்கியம் ஒன்று. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். கை நடுங்கும், இல்லாத ஆள் எதிரே நிற்பதாகப் பேசுவார், உயிருக்கே ஆபத்து. அதைப் பிசாசு பிடித்திருக்கிறது என்று நினைத்து உபவாச ஜெபம் என்று அறையில் பூட்டிவைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முதலில் ஆஸ்பத்திரி. ஜெபத்தை அங்கே கட்டில் பக்கத்தில் நின்று செய்யலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஒத்துவராதது எது என்றால், நகரம் என்றதும் அவர்கள் மனதில் வருகிற படம். ஏழைகள் ஊரின் நடுவில் இருப்பார்கள், வசதி உள்ளவர்கள் வெளியே புறநகருக்குப் போய்விட்டார்கள், ஊழியர் திரும்ப உள்ளே குடிவர வேண்டும். மிசிசிப்பியில் பிறந்த ஜான் பெர்கின்ஸ் என்ற ஊழியர் அதைத்தான் போதித்தார், அமெரிக்காவுக்கு அது சரி. உங்கள் பெரும்பாக்கத்தில் கதையே தலைகீழ். கூவம் கரையில் இருந்தவர்களை அரசு பெயர்த்துக் கொண்டுபோய் ஓஎம்ஆர் சாலைக்கு அந்தப் பக்கம் எட்டு மாடியில் வைத்திருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீடு பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு இப்போது பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். ஆகவே உங்கள் முதல் கட்டுரையிலேயே இதை எழுதிவிடுங்கள். என் ஆசிரியருக்கு இது புதுச் செய்தி, கேள்வி மேல் கேள்வி கேட்டார். நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிற எரேமியா 29:7 எப்படியும் எல்லாப் பாடத்திலும் வரும், தயாராக இருங்கள்.

இங்கிலீஷ்: பேச வேண்டியது குறைவு, எழுத வேண்டியது அதிகம். எட்டு வாரத்துக்கு ஒரு பாடம் என்று ஓடும், ஒரு வாரம் சாவு, கல்யாணம் என்று விட்டால் பிடிப்பது கஷ்டம். ஒரு சௌகரியம் உண்டு. அவர்களுடைய ஞாயிறு நள்ளிரவுக் கெடு நமக்குத் திங்கள் காலையில்தான் வரும்.

அரசரடி மாணவன்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பக்கத்தில் இருப்பதை ஏன் யாருமே சொல்லவில்லை? பெங்களூருவில் டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு 1971-லிருந்து இதே வேலையைத்தான் செய்கிறது. வேலையை விடாமல் வீட்டில் பாடம் படிக்க வேண்டும், வாரம் ஒரு தடவை டியூட்டரோடு குழுவாக உட்கார வேண்டும். தமிழிலும் பாடங்கள் உண்டு. எங்கள் மதுரை இறையியல் கல்லூரியிலேயே மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப் பகுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் ஏற்பாடு உண்டு. போதை ஆலோசனை என்றால் அடையாறு இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இருக்கிறது. 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மா ஆரம்பித்தது. குடியால் கணவரை இழந்தவர் அவர். ஆலோசகர்களுக்கு அங்கே பயிற்சியும் கொடுக்கிறார்கள். பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இது இருக்கும்போது கான்சஸ் சிட்டி எதற்கு?

வடசென்னை அக்கா:

தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பயிற்சிக்கு அடையாறு போகட்டும், அதைத்தான் நானும் முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் வாரம் ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்துக்குக் குழுவில் உட்கார எத்தனை ஊழியக்காரரால் முடியும்? என்னால் முடியவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு படிக்க முடிந்ததால்தான் நான் முடித்தேன்.

தெருமுனைத் தம்பிக்கு ஒரு கேள்வி. "நானும் மனைவியும்" என்று ஆரம்பித்தீர்கள், அப்புறம் முழுக்க "நான்" தான். கதவுக்கு வெளியே நிற்கிற பெண் முதலில் யாரிடம் வருகிறாள்?

தெருமுனை ஊழியன்:

அக்கா, மாட்டிவிட்டீர்களே. என் மனைவியிடம்தான் வருவார்கள். ராத்திரியில் அந்தப் பெண்கள் எங்கள் வீட்டில் படுத்துக்கொள்வதும் என் மனைவி சொல்லித்தான். அவள் நர்சிங் டிப்ளமோ, இங்கிலீஷும் என்னைவிட நன்றாக வரும். படிக்கிறாயா என்று இப்போதுதான் கேட்டேன். "உங்களுக்குச் சமையல் தெரியுமா" என்கிறாள்.

கணக்குப்பிள்ளை:

சமையல் கற்றுக்கொள்ளுங்கள் பிரதர், அதற்கு டாலர் கட்ட வேண்டாம். முதலில் இரண்டு பேரும் அடையாறில் விசாரித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் ஆன்லைன் வேண்டும் என்றால் மொத்தமாகக் கட்டாமல் ஒரு பாடம் மட்டும் எடுக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். சபைக் கமிட்டியில் தீர்மானம் எழுதும்போது "ஊழியர் குடும்பத்துக்கு" என்று பொதுவாகப் போடாமல் உங்கள் மனைவி பேரையே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு பொருளாளர் வந்து, நாங்கள் ஒத்துக்கொண்டது உங்கள் படிப்புக்குத்தான் என்பார்.